ருமேனியா வழியாக நாமக்கல்

"பூபதி! வண்டி டோல்கேட்ல நிக்குது. பாஸ்டேக்ல காசு ஏற மாட்டேங்குது. என்னப்பா பண்ணித் தொலைச்சே?"

ஓனர் நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் நாமக்கல் லாரி ஆபீஸே அதிர்ந்தது. பூபதி கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டான். என்ன பண்ணித் தொலைத்தான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பூபதிக்கு வயது முப்பத்து மூன்று. பெண் தேடி அப்பாவின் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பொறுத்துப் பார்த்துவிட்டு அவனே வரன் தேடும் இணையதளம் ஒன்றில் புகுந்தான். போட்டோ இல்லை, பெயருக்கு வெறும் 'பூ', உத்தியோகம் 'லாரித் தொழில் நிர்வாகம்'. செல்போனுக்கு டேட்டா போடாமல் ஆபீஸ் இணைப்பிலேயே காலம் தள்ளுகிறவன், வரனையும் அதிலேயே பார்த்தான்.

அந்த நேரம் பார்த்தா நாச்சிமுத்துவுக்கு ஞானம் பிறக்க வேண்டும்? "வேலை நேரத்துல யாரு எதைப் பார்க்கறாங்கன்னு இனி எனக்குத் தெரிஞ்சாகோணும்" என்று அறிவித்துவிட்டார். டிரைவர்கள் முன்னால் மானம் கப்பலேறிவிடுமே என்று பூபதி கலங்கிப்போனான்.

நல்லவேளையாக, ஆபீஸ் இணைப்புக்குக் காவல் நிற்கும் லினக்ஸ் பெட்டி அவன் பொறுப்பில் இருந்தது. அதன் ஃபயர்வாலில் புது விதி எழுதினான். இனி எதுவும் நேராக வெளியே போகக்கூடாது. ஆளை மறைக்கும் டார் நெட்வொர்க் வழியாக வெளிநாடுகளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வேறு எந்த வழியில் போனாலும் தடு. அந்தத் தைரியத்தில், ஜாதகம் பொருந்திய பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு விருப்பம் அனுப்பினான். அங்கேயும் போட்டோ இல்லை, பெயர் 'நி' மட்டும். 'அப்பாவிடம் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன்' என்று பதில் வந்ததும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு பிசகு. தன் கம்ப்யூட்டருக்கு மட்டும் எழுத வேண்டிய விதியை ஆபீஸ் மொத்தத்துக்கும் எழுதிவிட்டான். அதனால்தான் பாஸ்டேக் தளம் இன்று, 'ருமேனியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை' என்று கதவைச் சாத்தியது.

"ஒரு நிமிஷமுங்க!" என்று கத்திவிட்டு, பாஸ்டேக்குக்கும் பேங்குக்கும் மட்டும் நேர்வழி திறந்தான். காலையில் ருமேனியாவிலிருந்து எட்டிப் பார்த்த நாச்சிமுத்து இப்போது நாமக்கல்லில் நிற்கிறாரே என்று பேங்க் மிரண்டு, அவர் கணக்கையே பூட்டிவிட்டது.

"நான் வெளிநாட்டுல இருக்கறேன்னு மெசேஜ் வருதுப்பா! பழநியத் தாண்டி எங்கடா போனேன் நானு?"

பதறிப்போய் எல்லா விதிகளையும் அழித்தான். வழிவிடும் விதிகள்தான் அழிந்தன. 'தடு' என்ற அடிப்படைக் கட்டளை அசையவில்லை. மிச்சமிருந்த இணைப்பும் செத்தது. டோல்கேட்டிலிருந்து டிரைவர் போன் செய்தார்.

"அண்ணா, பின்னால நிக்கறவங்க அடிக்க வாராங்கண்ணா!"

அந்தத் தடையையும் எடுத்தான். எல்லாம் பழையபடி ஓடியது. டிரைவர் கைக்காசைக் கட்டி நகர்ந்தார். நாச்சிமுத்து பேங்குக்கே போய், தான் நாமக்கல்லில்தான் இருக்கிறேன் என்று ஆதார் அட்டையோடு நின்று நிரூபித்துவிட்டு வந்தார். வேலை தப்பியது. பூபதி ஆசை ஆசையாக வரன் தளத்தைத் திறந்தான்.

'மன்னிக்கவும். தூரம் அதிகம் என்று அப்பா மறுத்துவிட்டார்.'

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பரமத்தி வேலூருக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். இது ஒரு தூரமா?

மத்தியானம் வேலூரிலிருந்து ஓனர் வீட்டுச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்த சமையல்காரம்மா செல்லியம்மாள், அவன் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"ஏன் சாமி இப்படி உக்காந்திருக்கறீங்க? ஐயா வஞ்சாருங்களா?"

"ஆமாங்கக்கா. காலையிலிருந்தே என் மேல எரிஞ்சு உழுகறாரு."

"அது உங்க மேல இருக்கற கோவமில்லீங்க சாமி. நம்ம ஐயா மக நித்யஸ்ரீ பாப்பாவுக்கு லாரித் தொழில்லயே ஒரு பையன் அமைஞ்சு, ஜாதகமும் பொருந்தி, பாப்பாவும் சரின்னுருச்சு. கடைசியில கம்ப்யூட்டர்ல ஊரு காட்டறதைப் பார்த்தா அந்தப் படுபாவி ருமேனியாவுல இருக்கறானாமா!"