புளி மாதிரி வாங்கிய சிமெண்ட்

வீடு கட்டுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் தன்னைவிடப் புத்திசாலி ஊரில் இல்லை என்று தோன்றும். எனக்கு அது அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே தோன்றிவிட்டது.

தென்காசியில் கோயில் பக்கம் சூடம், பத்தி, விளக்குத்திரி விற்கிற சிறிய கடை எனக்கு. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒருநாள் கைகூப்பி, “மக கல்யாணம் வருது அண்ணாச்சி, ஆவணிக்குள்ள காலி பண்ணித் தந்திருங்க” என்றார். அதற்குள் மேலகரத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையில் பால் காய்ச்சியாக வேண்டும். இல்லாவிட்டால் கீழப்பாவூரில் மாமனார் வீடுதான். நாற்பது வயதுக்கு மேல் வீட்டோடு மாப்பிள்ளை ஆவதா? நினைத்தாலே வியர்த்தது.

கொத்தனார் இரண்டு வழி சொன்னார். சாமான், கூலி எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விட்டால் மொத்தக் காண்ட்ராக்ட். சாமான் நாங்கள் வாங்கித் தர, அவர் ஆட்களை மட்டும் கொண்டுவந்தால் லேபர் காண்ட்ராக்ட்.

“மொத்தமா விட்டிருங்க அண்ணாச்சி. எந்தச் சாமான் என்னைக்கு வேணும்னு எனக்குத் தெரியும். கடையை விட்டுட்டு நீங்க எங்கன அலைவீங்க?”

இவ்வளவு கரிசனம் காட்டுகிறாரே, சிமெண்ட் கடையில் கமிஷன் இருக்கும் என்று என் வியாபார மூளை (அப்படி ஒன்று இருப்பதாக அப்போது நம்பினேன்) சொன்னது.

மனம் தடுமாறினால் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். தெருமுனைப் பிள்ளையார் முன்னால் இரண்டு பொட்டலம் வைத்தேன். செவ்வரளி வந்தால் மொத்தம், வெள்ளரளி வந்தால் லேபர். மகள் உமா எடுத்தாள். சிவப்பு. பிள்ளை சரியாகக் கண்ணை மூடவில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னேன். அதுவும் சிவப்பு. பொட்டலத்தை நான் சரியாகக் குலுக்கவில்லை என்று இன்னொரு தடவை. வெள்ளை! அங்கேயே விழுந்து கும்பிட்டேன். என் மனைவி செல்வி மட்டும், “பிள்ளையாருக்கே அலுத்துப் போயிருக்கும்” என்றாள்.

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு வேண்டிய புளியை மாசியிலேயே வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவோம். பிறகு விலை எவ்வளவு ஏறினாலும் கவலையில்லை. அதே யோசனையில், சித்திரையில் விலை இறங்கியதும் வீடு முழுவதுக்குமான சிமெண்டையும் வாங்கி மனையில் இறக்கிவிட்டேன். சுவர் இடுப்பளவுதான் நின்றது.

“அண்ணாச்சி, மேல கூரை இல்ல. சாரல் வந்தா என்ன செய்வீங்க?” என்றார் கொத்தனார்.

“தார்ப்பாய் போட்டிருக்கம்லா!”

குற்றால மலையிலிருந்து வருகிற சாரல் மேலிருந்து விழாது. காற்றோடு பக்கவாட்டில் வந்து, கூப்பிடாமலே உள்ளே நுழையும். அது என் தார்ப்பாய்க்குள் நுழைந்துகொண்டிருந்த நாட்களில் நான் மெயினருவியில் தலையைக் கொடுத்து, “அருமையான சீசன்” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் பத்தி நமத்துவிடக் கூடாதென்று பாலித்தீன் உறை போட்டேன். பத்திக்கு வந்த புத்தி சிமெண்டுக்கு வரவில்லை. சுவர் வேலைக்கு முன்வரிசை மூட்டைகளையே எடுத்ததால், உள்வரிசையின் கதி யாருக்கும் தெரியாது.

ஆடி பிறப்பதற்குள் தளம் போட்டாக வேண்டும் என்று ஆனிக் கடைசியில் நாள் குறித்தோம். கலவை மெஷின் வந்தது, ஆட்கள் வந்தார்கள், கீழப்பாவூரிலிருந்து மாமனாரும் வந்தார். நான் பட்டு வேட்டியும் திருநீறுமாகத் தேங்காய் உடைத்தேன்.

“மூட்டையத் தூக்குங்கலே!” என்றார் கொத்தனார்.

தூக்கி வந்தவர்கள் கை நழுவிக் கீழே போட்டார்கள். சிமெண்ட் மூட்டை விழுந்தால் புகை கிளம்ப வேண்டும். இதற்கோ தரை அதிர்ந்தது.

“அண்ணாச்சி, இது சிமெண்டா, அம்மிக்கல்லா?” என்றாள் ஒரு சித்தாள்.

“ஏட்டி, சும்மா கெட” என்று கொத்தனார் அதட்டினார். ஆனால் சிரிப்பை அடக்கியதில் அவர் மீசையே துடித்துக்கொண்டிருந்தது. சுத்தியலால் ஒவ்வொரு மூட்டையாகத் தட்டினார். டங், டங் என்று கோயில் மணிபோலக் கேட்டது.

“உடைச்சுப் பொடியாக்கிப் போட்டுரலாமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“போடலாம் அண்ணாச்சி. பெறகு நீங்க தளத்துக்குக் கீழ நின்னு கும்பிட்டுக்கிட்டேதான் இருக்கணும்.”

புதிதாக வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் கல்லாகி அடுக்கடுக்காகக் கிடந்தது. செல்வி அழுவாள் என்று பயந்தேன். அவளோ, “பிள்ளையார் ரெண்டு மட்டம் சொன்னாரு. கேட்டீங்களா?” என்றாள். மாமனார்தான் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“மாப்ள, நம்ம மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு.”

ஆவணியில் மூட்டை முடிச்சோடு போய்ச் சேர்ந்தோம். முதல் வாரம் மாப்பிள்ளைக்கு வடை, பாயாசம். ஐப்பசியில், “மாப்ள, சும்மாத்தான இருக்கிய, மோட்டரப் போட்டுட்டு வாங்க.” கார்த்திகையில் ரேஷன் வரிசை.

கடன் வாங்கி மிச்ச வேலையை மொத்தக் காண்ட்ராக்டாகக் கொத்தனாரிடமே கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் பிள்ளையாரிடம் போனேன். பூக்கட்டவில்லை. தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தேன். கொத்தனார் வேலைக்கு முந்தின நாள்தான் சிமெண்ட் இறக்குவார். தையில் பால் காய்ச்சினோம். (கமிஷன் வாங்கினாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கில்லை.)

அந்தக் கல்மூட்டைகள் இப்போது மல்லிகைப் பந்தலைச் சுற்றித் தலையணை தலையணையாகக் கிடக்கின்றன. வருகிறவர்கள் அதில்தான் உட்காருகிறார்கள். “பாத்து உக்காருங்க, எங்க வீட்டுக்காரரு பாத்துப் பாத்து வாங்குனது” என்பாள் செல்வி.

போன வருஷம் உமாவுக்குக் கல்யாணம். சாப்பாடு, பந்தல், பூ எல்லாவற்றையும் என்னைக் கேட்காமலே மொத்தமாக ஒருவரிடம் விட்டுவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவன் சும்மா இருக்க முடியுமா? “நான் எதாவது வாங்கட்டுமா?” என்றேன். எல்லோருடைய பார்வையும் மல்லிகைப் பந்தல் பக்கம் போனது. கல்யாணப் பெண்தான் மனமிரங்கினாள்.

“அப்பா பன்னீர் மட்டும் வாங்கட்டும்மா. அது சாரல்ல நனைஞ்சாலும் கெட்டுப் போகாது.”

வாங்கினேன். கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிவிட்டேன் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் சாமி படம் துடைப்பது இன்றும் பன்னீரில்தான்.