சவுண்ட்பார் வேண்டாமென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், சித்தப்பா

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் படுத்த பிறகு.

வந்தவாசியில் கடையும் குடும்பமுமாகச் சிறந்து விளங்கும் அன்புமிக்க சித்தப்பா அனந்தகுமார் அவர்களுக்கு, மகள் சௌம்யா பணிவான வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. சித்தியின் முழங்கால் வலி குறைந்து, கடையில் வியாபாரம் கூடி, தம்பிகள் இருவரும் சௌக்கியமாக இருக்கப் பகவானை வேண்டுகிறேன். அடுத்த வரியில் 'இவ்விடம் அனைவரும் நலம்' என்று எழுத வேண்டும். அதை எழுதலாமா கூடாதா என்று தெரியாமல்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன்.

"சவுண்ட்பாரா, தனித்தனி ஸ்பீக்கரா, ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா, அடுத்த வாரம் வியாழக்கிழமை நம்ம வண்டி ஆரணிப் பக்கம் வருது" என்று நீங்கள் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். போனில் சொல்லக்கூடிய பதிலாக இருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். எங்கள் கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பலராமன் அண்ணன் வீட்டுத் தறிகள் ஓடுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சேலைக்குப் பூ வேலை போடும் ஜக்கார்டு பெட்டிக்கு மோட்டார் பூட்டியதிலிருந்து, 'உப்பை இப்படி நகர்த்துங்க' என்பதைக்கூட இங்கே கத்தித்தான் சொல்கிறோம். கத்திச் சொல்வது ரகசியம் ஆகாது. வாட்ஸ்அப்பும் சரிவராது. இவர் என் போனை டிவியோடு இணைத்து அதன் வழியாகத்தான் சீரியல் போடுகிறார். போன மாதம் எல்லோரும் சீரியல் பார்த்துகினு இருக்கும்போது, என் தோழி அக்ஷயாவிடமிருந்து 'இன்னிக்கும் உங்க அத்தை வெச்ச அதே கூட்டா? பாவம்டி நீ' என்று பதில் வந்து, கதாநாயகியின் நெற்றியில் பெரிய எழுத்தில் நின்றது. அத்தை படித்தார். மறுநாளும் அதே கூட்டு வைத்தார்.

இன்னொன்று. 'சௌம்யா கடையிலே ஸ்பீக்கர் கேட்டு அழுதாளாமே' என்ற சேதி சித்தியின் காதுக்கு எட்டியிருக்கும். வெம்பாக்கத்துச் சொந்தக்காரர்கள் வரைக்கும் எட்டிவிட்டது. அழுதது உண்மை. ஸ்பீக்கருக்காக அழவில்லை. வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எல்லாம் அந்தப் புது டிவியால் வந்தது. அப்பளம் மாதிரி மெல்லிசாக இருக்கிறதென்று ஆசைப்பட்டு வாங்கினோம். அதற்கு வாய் முதுகில் இருக்கிறது. அது சுவரைப் பார்த்துப் பேசுகிறது, சுவர் தறியோடு சேர்ந்து ஆடுகிறது, நடுவில் வசனம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. பொழுது சாயும்முன் சாப்பாட்டை முடித்துவிடுகிற வீடு இது, அதனால் டிவிக்குக் கிடைக்கும் சாயங்காலமும் நீளம். மாமனார் இரண்டு மாதமாக, "இன்னா சொல்றான் அவன்? வாயத் தொறக்கறான், காத்துதான் வருது" என்று சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துவிடுகிறார். ஏற்றிவிட்டு டிவியையாவது பார்க்கிறாரா என்றால், இல்லை, கண்ணாடிக்கு மேலே எங்கேயோ பார்த்துகினு உட்கார்ந்திருக்கிறார். குறைத்தாலும் வம்பு. "சௌம்யா, சவுண்ட கொறைக்காதம்மா, எங்களுக்குக் கத பூடுது" என்று பலராமன் அண்ணன் மனைவி கமலம் அக்கா சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுக்கிறார். போதாததற்கு அத்தை, பூஜை முடிந்த பிறகும் மணியைத் துடைக்கிறேன் என்று கூடத்துக்கு எடுத்து வந்து நேரம் காலம் இல்லாமல் அடிக்கிறார். இவர் பைக் சாவியைத் தேடுகிறார், கிடைத்த பிறகும் வைக்காமல் கையில் ஆட்டிகினே கூடத்தைச் சுற்றுகிறார். ஒரே பேஜார். நீங்கள் போன முறை குழந்தை மதிக்கு வாங்கி வந்த பீப்பியை வேறு அத்தை பரணில் போட்டுவிட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று நீங்கள் ஊதிய ஊதலில் பலராமன் அண்ணன் இழை அறுந்ததுகூடத் தெரியாமல் இங்கே ஓடி வந்தாரே, அந்தச் சங்கடம் அத்தைக்கு.

ஆகவே தனியாகச் சத்தத்துக்கு ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. எது என்பதில்தான் சண்டை. இவருக்குச் சவுண்ட்பார். ஒரே கட்டை, ஒரே ஒயர், டிவிக்குக் கீழே வைத்தால் வசனம் தெளிவாக நம் பக்கம் வரும் என்கிறார். அத்தைக்கும் சவுண்ட்பார், ஏனென்றால் தனித்தனி ஸ்பீக்கர் என்றால் சுவரில் துளை போடுவார்கள், துளை போட்டால் பூஜை மாடத்துக்கு ஆபத்து. அதோடு வருகிற சப்ஊஃபர் பெட்டியின்மேல் என்ன வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டார். மாமனார், "எது வாங்கனாலும் ஜல்தி வாங்குங்க" என்று சொல்லிவிட்டார். தனித்தனி ஸ்பீக்கர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவள் நான் ஒருத்திதான். இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா சொல்ற? கொழந்த வெரல வுட்டுடும்னு வீட்ல இருக்கற ப்ளக் பாயிண்ட்டுக்கெல்லாம் டேப் ஒட்டி, நான் ஒரு மாசமா சமையக்கட்டுல போன் சார்ஜ் போடறேன். இப்ப கூடம் முழுக்க ஒயர் இழுக்கணும்ன்றியே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார். நியாயமான கேள்வி. "எனக்குப் பாட்டு சுத்திச் சுத்திக் கேக்கணும்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

சித்தப்பா, மதி திரும்புவதில்லை.

அவளுக்குப் பத்தாவது மாதம் நடக்கிறது. தவழ்கிறாள், பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சிரிக்கிறாள், தாத்தாவின் செருப்பைத் தின்கிறாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. குக்கர் விசில் அடித்தால் திடுக்கிடுவதில்லை. இந்த வயதுக்குச் சத்தம் வரும் பக்கம் தலை திரும்ப வேண்டும், பேர் சொன்னால் பார்க்க வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். எம்.எஸ்சி. வரைக்கும் படிக்க வைத்தீர்களே, அதனால் எல்லாவற்றையும் படித்துத் தொலைத்துவிட்டேன். ஒரு நாள் யாரும் பார்க்காதபோது அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். மாமனார் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிகினு, "இன்னாம்மா, பாம்பு பூந்துட்ச்சா?" என்றார். கமலம் அக்கா சுவருக்கு அப்பாலிருந்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார். மதி தன் கட்டைவிரலைப் பார்த்துகினு இருந்தாள்.

இவரிடம் சொல்லியிருக்கலாம். தேசூரில் இவருடைய பெரியம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே காது கேட்காது. அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் அத்தை எழுந்து உள்ளே போய்விடுவார். நான் வாயைத் திறந்தால், 'உங்கள் வழியில் வந்ததோ' என்று கேட்டது போல ஆகிவிடும். சொல்லாவிட்டாலோ, இரவெல்லாம் அவள் காதையே பார்த்துகினு உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு அழகான காது தெரியுமா, சித்தப்பா. என் அப்பாவின் காது அப்படியே.

இந்த நிலைமையில்தான் இவர் எங்களைக் கடைக்கு அழைத்துப் போனார். இங்கேயே ஒரு கடையில் இரண்டையும் போட்டுக் காட்டுகிறார்கள், கேட்டுப் பார்த்துவிட்டு உங்களிடம் வாங்கலாம் என்றார் (இதற்கும் சேர்த்து மன்னிக்கவும்). அங்கே போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. தனித்தனி ஸ்பீக்கர் வைத்த அறையில், நடு சோபாவில் மதியை உட்கார வைத்தேன். கடைக்காரத் தம்பி அன்பழகன் பதறினார். "மேடம், அது சார் உக்கார்ற எடம். அங்கதான் சவுண்டு கரெக்டா வரும்."

"பாப்பாதான் கேக்கணும். பின்னால இடது பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் போடுங்க."

"மட்டுமா?"

"மட்டும். இப்ப நிறுத்துங்க. வலது பக்கம். மறுபடியும் இடது. டிவியில படம் வேணாம், படத்தை அணைச்சிடுங்க."

"மேடம் சவுண்டு இன்ஜினியருங்களா?" என்று அவர் இவரைக் கேட்டார். "நேத்து வரைக்கும் இல்ல" என்றார் இவர்.

பிறகு அந்தத் தம்பிக்கு உற்சாகம் வந்து ஐந்து ஸ்பீக்கரிலும் ஹெலிகாப்டரை விட்டார். அது கூரையைச் சுற்றி வந்தது. இவர் குனிந்துவிட்டார். வாசலில் பிரிட்ஜ் விலை கேட்டுகினு இருந்த ஒரு பெரியவர் வெளியே போய் வானத்தைப் பார்த்தார். மதி ரிமோட்டின் மூலையைச் சப்பினாள். குண்டு வெடித்தது. மதி கொட்டாவி விட்டாள். கட்டடம் சரிந்தது. மதி என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். "இவ்ளோ சவுண்டுல தூங்குது பாருங்க, குடுத்து வெச்சவங்க மேடம் நீங்க" என்று அந்தத் தம்பி சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. அவர் ஸ்பீக்கரின் அருமையில் நான் உருகிவிட்டதாக நினைத்து, ஓனரைக் கேட்டு விலையில் கொஞ்சம் குறைக்கிறேன் என்று ஓடினார். இவர், "இதுக்குப் போயா அழுவாங்க? வாங்கித் தொலைக்கலாம், கண்ணத் தொடச்சிக்கோ" என்றார். அத்தை அன்றைக்கே போனை எடுத்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

கடையில் பார்த்ததை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது, அது புது இடம், அவளுக்குத் தூக்க நேரம் என்று என்னை நானே தேற்றிகினு இருக்கிறேன். அதனால்தான் தனித்தனி ஸ்பீக்கர் இந்த வீட்டுக்கே வர வேண்டும். அவள் விளையாடும்போது, பசியில்லாதபோது, ஒரு மூலையில் ஒன்றை மட்டும் மெதுவாக வைத்து, பிறகு ஏற்றி, பிறகு அடுத்த மூலையில் வைத்துப் பார்ப்பேன். சவுண்ட்பாரில் அது முடியாது. எல்லாச் சத்தமும் படத்துக்கு அடியிலிருந்தே வருகிறது. மதி அந்தப் பக்கம் பார்த்தால், சத்தத்துக்குப் பார்த்தாளா, விளம்பரத்து வெளிச்சத்துக்குப் பார்த்தாளா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே நீங்கள் இவருக்குப் போன் செய்து, "மாப்ள, தறி ஓடற வீட்டுக்குச் சவுண்ட்பாருலாம் எடுபடாது, பிரிச்சு வெக்கற ஸ்பீக்கர்தான்" என்று கடைக்காரராகச் சொல்லிவிடுங்கள். என் பேர் வரக்கூடாது. அவள் ஒரே ஒரு முறை திரும்பிவிட்டால் போதும், மறுநாளே நீங்கள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருப்பேன். திரும்பாவிட்டால் வேலூரில் காது டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன். வீட்டில் அக்ஷயாவுக்கு வளைகாப்பு என்று சொல்லியிருக்கிறேன். அக்ஷயாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதை யாரும் யோசிக்காமல் இருக்க வேண்டும்.

சித்திக்கு என் வணக்கம். தம்பிகளுக்கு அன்பு. கோயிலுக்குப் போகும்போது மதியின் காதுகளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியாக. படித்ததும் இதைக் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத மகள்,
சௌம்யா அபிஜித்

பி.கு.: விடிந்ததும் தபாலில் போடலாம் என்று இதை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். இன்று அமாவாசை என்பதே எனக்கு நினைவில்லை. நெசவுக்காரர்களுக்கு விடுமுறை, தறி ஓடவில்லை. போன அமாவாசைக்கு வெம்பாக்கத்தில் கல்யாண மேளத்துக்கு நடுவில் இருந்தோம். மற்ற நாட்களில் மதி கண் விழிக்கும்முன் தறி தொடங்கிவிடும், அவள் தூங்கிய பிறகுதான் நிற்கும். இன்று வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, எனக்கே பயமாக இருந்தது. மதி கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் எழுதிய பசியில், யாருக்கும் தெரியாமல் சமையலறையில் நின்று ஒரு பிஸ்கட் கவரைப் பிரித்தேன். சரசரவென்று அவ்வளவுதான் சத்தம். மதி திரும்பினாள். முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்து, கையை நீட்டினாள்.

நான் கத்துவதற்குள், "திரும்பிட்டா!" என்று மாமனார் பேப்பரைக் கீழே போட்டார். "திரும்பிட்டாளா?" என்று அத்தை பூஜை மணியோடு ஓடி வந்தார். வாசல்படியில் இவர் சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"நீ ஏன் மணியோட நிக்கற?" என்றார் மாமனார்.

"நீங்க ஏன் பேப்பரத் தலகீழா வெச்சிகினு இருந்தீங்க?" என்றார் அத்தை. பிறகு தரையிலேயே உட்கார்ந்து, "தேசூர் அக்காவுக்கு ஆன மாதிரி ஆயிடுமோன்னு, ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கல" என்று அழுதார். அந்தக் கூட்டு ஏன் தினமும் ஒரே மாதிரி இருந்தது என்று இப்போது புரிகிறது.

"டிவியப் பெருசா வெச்சா ஒரு தபாவாவது என் பேத்தி திரும்பிப் பாப்பாளான்னுதாம்மா வெச்சேன்" என்றார் மாமனார். "எனக்குக் கேக்காம இன்னா? பாட்டுல அவன் மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது."

நான் கதவுக்குப் பின்னால் போய், வாய்க்குள்ளேயே சொல்வது போல "மதி" என்றேன். திரும்பிச் சிரித்தாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தியதும் தட்டியதும் ஆட்டியதும் அவளுக்குத் தறிச் சத்தத்தோடு சேர்ந்துவிட்டது போல. இந்த வீட்டில் அவளை யாரும் மெதுவாகக் கூப்பிட்டதே இல்லை, சித்தப்பா.

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். தனித்தனி ஸ்பீக்கரும் வேண்டாம், சவுண்ட்பாரும் வேண்டாம். வியாழக்கிழமை வண்டி நிற்காமல் போகட்டும். வேலூர் டோக்கனை மட்டும் ரத்து செய்யவில்லை. மனசு கேட்கவில்லை, எல்லோருமாகப் போகிறோம். யார் காதைக் காட்டுவது என்று பஸ்ஸில் முடிவு செய்துகொள்ளலாம் என்கிறார் மாமனார்.

இவ்விடம் அனைவரும் நலம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். போன முறை வந்தபோது அந்தப் பீப்பியை மதியின் கையில் கொடுக்காமல், அவளுக்குப் பின்னால் போய் நின்று, முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம் ஊதினீர்களே, அது எதற்கு?