ஓட்டை இல்லாத காசு

காசு சேர்க்கிற பழக்கம் உள்ளவனுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் நல்ல பெயர் கிடைக்கவே கிடைக்காது. சீட்டாடுகிறவனை ‘பாவம், சேர்க்கை சரியில்லை’ என்று மன்னித்துவிடுவார்கள். கோழிப்பண்ணை வைத்து நொடித்துப்போனவனைக்கூட ‘தைரியமான ஆளு’ என்பார்கள். நாலு நாட்டு நாணயங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பவனை மட்டும் ஏதோ உண்டியலை உடைத்தவனைப் போலப் பார்ப்பார்கள்.

என் மனைவி வீட்டில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. குழந்தை மூச்சு முட்டித் தவித்தபோது நான் குழந்தையைப் பார்க்காமல் காசைப் பார்த்தேனாம். அவள் ஊரான காரமடையில் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. சொல்கிறவர்கள் அவரவர் வசதிக்குக் கைகால் ஒட்டிச் சொல்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவராவது என்னிடம் வந்து, ‘உங்க தரப்பு என்னங்க?’ என்று கேட்டதுண்டா? இல்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். எனக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். ஒரு பம்ப்செட் கம்பெனியில் கிளார்க் வேலை. போத்தனூரில் வாடகை வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வசந்தாவின் அண்ணன் துரைசாமி காரமடையிலிருந்து விருந்துக்கு வந்தார். கூடவே என் மாமியாரும், துரைசாமியின் மூன்று வயது மகள் கவிதாவும். (அவர் மனைவிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியிருந்ததால் வரவில்லை. வந்திருந்தால் என் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.)

மச்சான் வாழைத் தோப்பு வைத்திருக்கும் விவசாயி. அதிகம் பேசமாட்டார். என்னைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு நல்ல அபிப்பிராயத்தை அன்றைக்கே உண்டாக்கிவிடுவது என்று நான் முடிவு செய்ததுதான் எல்லா வினைக்கும் ஆரம்பம்.

சாப்பாடு முடிந்து அவர் கண் சொருகுகிற நேரம் பார்த்து, கட்டில் மேல் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்து, டப்பாவைத் திறந்து காசுகளைப் பரப்பினேன். விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், இலங்கைக் காசு, பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டு வந்தது, உக்கடம் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிய ரஷ்யக் காசு, எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக ஜப்பானின் ஐந்து யென். பித்தளை மஞ்சள் நிறம், நடுவில் வட்டமாக ஓட்டை, மேலே ஒரு நெற்கதிர்.

“நெல்லு பாருங்க மச்சான். விவசாயிக்கு ஜப்பான்காரன் குடுக்கற மரியாதைங்க இது” என்றேன்.

மச்சான் அதை வாங்கி ஓட்டை வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். “செல்லுங்களா?” என்று கேட்டார்.

“இங்க செல்லாதுங்க.”

“பொறவு எதுக்குங்க மாப்ள?”

இதற்கு நான் விரிவாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பண்டமாற்றிலிருந்து தொடங்கினேன் என்று வசந்தா சொல்கிறாள். இருக்கலாம். கொட்டாவி விடும் சாக்கில் அவர் இரண்டு தடவை எழப் பார்த்ததும், நான் கையைப் பிடித்து உட்கார வைத்ததும் உண்மைதான். கவிதா கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். நான் சோழர் காசுக்கு வந்து சேர்ந்தபோது பின்னாலிருந்து ‘க்ளக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பினால் குழந்தை கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கண்ணில் நீர், வாயில் எச்சில். என் மாமியார் பாய்ந்து வந்து முதுகில் தட்டினார். இருமல் வந்தது, பிறகு அழுகை வந்தது. அழுகை வந்ததும் எங்களுக்கு மூச்சு வந்தது.

“என்ன கண்ணு பண்ணுனே? சொல்லு சாமி!” என்றார் மாமியார்.

“காசு முழுங்கீட்டேன்.”

“எந்தக் காசு?”

குழந்தை ஒரு விரலை நீட்டிப் போர்வையைக் காட்டியது. மூன்று வயதுக் குழந்தைக்குக் காசு என்றால் என்ன தெரியும்? எதிரே கொட்டிக் கிடப்பதைக் காட்டத்தான் செய்யும். ஆனால் அந்த விரலைத்தான் எல்லோரும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் என் மேல் முதல் குற்றச்சாட்டு. நான் உடனே போர்வைப் பக்கம் திரும்பி எந்தக் காசைக் காணோம் என்று பார்த்தேன். ஆமாம், பார்த்தேன்! பார்க்காமல் என்ன செய்வது? டாக்டர் கேட்பாரல்லவா, என்ன அளவு, என்ன உலோகம், விளிம்பு கூரா மழுங்கலா என்று? பொறுப்புள்ள எந்த மனிதனும் அதைத்தான் செய்வான். ஆனால் ஜப்பான் காசு இருந்த இடம் காலியாக இருப்பதைக் கண்டதும் என் வாயிலிருந்து, “ஐயோ, ஜப்பான்!” என்று ஒரு சத்தம் வந்துவிட்டது.

‘ஐயோ, பாப்பா!’ என்று வந்திருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். பதற்றத்தில் நாக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் மச்சான் குழந்தையை மார்போடு அணைத்தபடி வந்தார். என் மாமியார் எல்லாச் சாமிகளையும் வரிசையாகக் கூப்பிட்டு, ஒவ்வொரு சாமிக்கும் இடையில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரம் காயாத படத்தைக் கண்ணாடி விளக்கில் மாட்டி டாக்டர் பார்த்தார். குட்டி விலா எலும்புகளுக்குக் கீழே, வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

“பயப்படாதீங்க. தொண்டையில நிக்கல, இரைப்பைக்குப் போயிருச்சு. வாழைப்பழம் நிறையக் குடுங்க. ரெண்டு மூணு நாள்ல தானா வெளிய வந்துரும். வயித்து வலி, வாந்தி வந்தா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க” என்றார்.

மாமியார் முந்தானையில் முகத்தைத் துடைத்தார். மச்சானின் தோள் முதல்முறையாகத் தளர்ந்தது. எனக்கும் உயிர் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் வந்தது. வந்த உயிரோடு அப்படியே வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

ஆனால் நான் படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். அந்த வட்டத்தின் நடுவில் ஓட்டை இல்லை.

“டாக்டர், இது என்ற காசில்லீங்க!” என்றேன்.

டாக்டர் திரும்பினார். “நீங்க குழந்தைக்கு யாருங்க?”

“மாமனுங்க. அது இருக்கட்டும். காணாமப் போனது ஓட்டைக் காசுங்க. இதுல ஓட்டை எங்கீங்க?”

சொல்லிக்கொண்டே விளக்கிலிருந்து படத்தைக் கழற்றி வராந்தாவுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். “பாருங்க, நல்லாப் பாருங்க! ஓட்டை இருக்குதுங்களா?” என்று ஒவ்வொருவரிடமும் காட்டினேன். கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, “இல்லீங்க தம்பி, நல்லாத்தான் இருக்குது” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நுரையீரலில் ஓட்டை என்று நினைத்துக்கொண்டார் போல.

மாமியார் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “மத்தியானம் புள்ள பொங்கல் தின்னாளுங்க. ஓட்டைக்குள்ளார பொங்கல் அடைச்சிருக்குமுங்க மாப்ள” என்றார்.

நான் பி.காம். படித்தவன். பொங்கல் எக்ஸ்ரேயில் தெரியாது என்று ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மாமியாருக்கு விளக்குகிற நிலைமை எந்தப் பட்டதாரிக்கும் வரக்கூடாது. என் குரல் உயர்ந்தது. அவர் குரல் அதைவிட உயர்ந்தது. நர்ஸ் வந்து படத்தைப் பிடுங்கிக்கொண்டார். “ஏனுங்க, புள்ளை தூங்கோணும், கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்றார் மச்சான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகக் கட்டிலுக்குப் போய், காசுகளை அள்ளி டப்பாவில் போட்டு மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“புள்ள வயித்துல இருக்கறது வெளிய வரட்டுமுங்க மாப்ள. அதுவரைக்கும் இது என்ற ஊட்ல இருக்கட்டும்” என்றார்.

ஜாமீனாம்! வசந்தாவைப் பார்த்தேன். கட்டியவனுக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். அவள், “பை வேணுங்களா அண்ணா?” என்று கேட்டாள்.

அவர்கள் போன பிறகு அவள் போர்வையை எடுத்து உதறினாள். ‘டிங்’ என்று எதுவோ விழுந்து உருண்டு அலமாரியின் அடியில் போய் நின்றது. எடுத்துப் பார்த்தால் ஐந்து யென். போர்வை மடிப்புக்குள் இருந்திருக்கிறது!

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. குற்றமற்றவன் என்பதற்குச் சாட்சிப் பொருளே கையில் கிடைத்துவிட்டது. அன்றைக்கே காரமடைக்குக் கிளம்பினேன். வசந்தா வாசலை மறித்துக்கொண்டாள். “புள்ளைக்கு எப்படி இருக்குதுன்னு பாக்கப் போறதுன்னா போங்க. காசைக் காட்டப் போறதுன்னா போகாதீங்க” என்றாள். இரண்டுக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு இரண்டு பேருமாகப் போனோம். நல்ல நேரத்தில்தான் போயிருக்கிறோம். காலையில்தான் காசு வெளியே வந்திருந்தது. கவிதா ஒன்றுமே நடக்காதது போல வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். காசை வெந்நீரிலும் டெட்டாலிலும் கழுவி, ஒரு துண்டு வாழை இலையில் வைத்து, அந்த இலையைக் கயிற்றுக் கட்டில் மேல் வைத்திருந்தார்கள். துரைசாமி, என் மாமியார், நிறைமாத வயிற்றோடு மச்சானின் மனைவி எல்லோரும் சுற்றி நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலி மேல் எட்டிப் பார்த்தார்கள்.

நான் பாக்கெட்டிலிருந்து ஐந்து யென்னை எடுத்து இலையில் வைத்தேன். பேச வேண்டிய அவசியமே இல்லை.

“அட, நாலணாக் காசுங்க!” என்றார் மாமியார், மெல்லிய குரலில்.

மச்சான் நெற்றியைத் தேய்த்தார். “பஸ் ஸ்டாண்டுல பலூன் கேட்டு அழுதா. நாந்தான் ஒரு நாலணாவக் கைல குடுத்தேன். மறந்தே போச்சு.” பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “மாப்ள, தப்பா நெனைச்சுப்போட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

அந்த வீட்டில் என் வாழ்க்கையிலேயே அப்படியொரு நிமிஷம் வந்ததில்லை. மாமியார் தலை குனிந்திருந்தார். மச்சான் உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார். வசந்தாகூட என்னைப் பெருமையாகப் பார்த்தாள். ‘பரவாயில்லீங்க மச்சான், குழந்தை நல்லா இருக்கறதுதான் முக்கியம்’ என்ற வசனத்தை பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன்.

திறந்தபோது கண் இலைப்பக்கம் போனது. சாதாரண நாலணாவில் இல்லாத ஒன்று அந்தக் காசில் தெரிந்தது. குனிந்தேன். சூரியன். நன்றாகக் குனிந்தேன். சூரியனுக்குள்ளே கட்டடம் மாதிரி ஒரு கோலம். எண்பத்திரண்டில் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அடித்த நினைவு நாணயம்! அந்த வரிசையில் பத்துப் பைசா என்னிடம் இருந்தது. இரண்டு ரூபாயும் இருந்தது. இந்த இருபத்தைந்து பைசாவுக்காகத்தான் உக்கடத்துக் கடையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சில்லறையைக் கிளறியிருக்கிறேன்.

“மச்சான், இத நான் எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டேன்.

கோழிகூடக் கத்துவதை நிறுத்தியது போல இருந்தது. முதலில் சிரித்தது நிறைமாதக்காரிதான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். கடைசியாக, அதுவரை நான் சிரித்தே பார்த்திராத துரைசாமி சிரித்தார். “எடுத்துக்கங்க மாப்ள. புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துக்கங்க” என்றார்.

கேட்டேன். கவிதா தாராளமாகத் தலையாட்டினாள். போத்தனூர் வந்து சேரும்வரை வசந்தா என்னிடம் பேசவில்லை. நியாயம் முழுக்க என் பக்கம் இருந்த வழக்கு. அது எப்படித் தோற்றது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கவிதா வளர்ந்து, படித்து, சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆயிற்று. மணமேடையில் ஆசீர்வாதம் செய்யப் போனேன். மாப்பிள்ளையிடம் அவள் என்னை அறிமுகம் செய்தாள். “ஏனுங்க, இவருதான் எங்க மாமா. என்ற எக்ஸ்ரேல ஓட்டை தேடுனவரு.”

மாப்பிள்ளை நல்ல மரியாதைக்காரர். “ஓட்டை இருந்துச்சுங்களா மாமா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டாமா? முதலிலிருந்து சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை சாப்பாட்டுக் கூடம்வரை நின்றதாகச் சொல்கிறார்கள். அதுவும் வழக்கமான மிகைதான். கல்யாண வீடியோவில் என் பேச்சை வெட்டிவிட்டு நாதஸ்வரத்தைப் போட்டிருக்கிறார்கள். காசின் அளவைக் காட்டுவதற்காக நான் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டுகிற இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. காரமடையில் ஒறம்பரை, சொந்தபந்தம் கூடும்போதெல்லாம் அந்த வீடியோவைப் போட்டு, சரியாக அந்த இடத்தில் நிறுத்திவைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். நானும் டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டேன். அளவைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறேன்.