ஒரு சொட்டுகூட ஒழுகாத எஞ்சின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் வேனும் சௌக்கியம். நடுவில் சற்றுப் பிரிந்திருந்தது, இப்போது ஒன்றுசேர்ந்துவிட்டது.

"எஞ்சின்ல எண்ணெய் ஒழுகுது, மெக்கானிக் வந்து பாத்துக்குவாரு, நீங்க எதையும் தொட வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தபால் நிலையத்தில் காலமெல்லாம் பசையோடு வாழ்ந்தவனுக்கு ரோஷம் வராதா? திங்கட்கிழமை உங்கள் புதுக் கடைக்கு இந்த வேனில்தான் சாமான் போக வேண்டும், அதை நானே சரிசெய்தால் உங்கள் வீட்டில் எனக்கு எவ்வளவு மரியாதை என்று ஆசையும் வந்தது. அக்கம்பக்கத்தார் கைகொடுக்க, எஞ்சினை இறக்கிக் கூடத்து மேசையில் பிரித்தேன். உதிரிபாகக் கடைக்காரர் ஒழுகலை அடைக்கும் பசை என்று சிவப்பும் பச்சையுமாக இரண்டு டியூப் கொடுத்து என்னவோ விளக்கினார். ஒட்டுவதைப் பற்றி எனக்கேவா என்று காதில் வாங்கவில்லை. பச்சையைத் தடவி, காயட்டும் என்று வீட்டிலிருந்த மூன்று மின்விசிறியையும் அதன் பக்கம் திருப்பினேன். "எனக்கு வேர்த்துக் கொட்டுது, இரும்புக்கு எதுக்குங்க காத்து?" என்றாள் உங்கள் அத்தை. சாயங்காலம் வரை ஈரம் அப்படியே இருந்தது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"காத்து பட்டா பச்சை ஜென்மத்துக்கும் காயாது சார். ரெண்டு இரும்புக்கு நடுவுல வச்சு முடுக்கினாத்தான் இறுகும். காத்துல காயிறது சிவப்பு. அதையும் நூல் மாதிரி இழுங்க, அதிகமானா உள்ள பிதுங்கி எண்ணெய் போற வழிய அடைச்சிடும்."

நூல் என்றால் தையல் நூலா, தாம்புக் கயிறா என்று அவர் சொல்லவில்லை. முதலில் கயிறாகப் போட்டேன், பிதுங்கியது. அத்தையின் காய்கறிக் கத்தியால் சுரண்டினேன், அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. மறுபடி நூலாக இழுத்து, மூடி, முடுக்கி, மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் கண்ணில் பட்ட இடுக்கெல்லாம் தடவி, எஞ்சினை வேனில் ஏற்றியாகிவிட்டது. நேற்றிலிருந்து அடியில் வெள்ளைத்தாள் விரித்திருக்கிறேன். ஒரு பொட்டுக் கறை இல்லை! மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு என் ஆசி. சம்பந்திகளுக்கு வணக்கம், முக்கியமாக உங்கள் அப்பாவிடம் வெள்ளைத்தாள் விஷயத்தை விவரமாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஒழுகலை ஒழித்த மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது உங்கள் அத்தை மௌனம் கலைத்து, "எண்ணெய் ஊத்துனீங்களா?" என்று கேட்டாள். ஊற்றவில்லை. இப்போது ஊற்றலாம் என்று போனால், எண்ணெய் ஊற்றுகிற மூடி திறக்க மாட்டேன் என்கிறது. அதன் இடுக்கிலும் தடவியிருக்கிறேன். மெக்கானிக்கை உடனே அனுப்பவும். உங்கள் அப்பாவிடம் மூச்சுவிட வேண்டாம்.