திரு. தெரியவில்லை அவர்களின் நாற்பத்தோராயிரம் பாடல்கள்

மார்ச் 11, செவ்வாய்

ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். பாடல்களைப் பட்டியலிடக் கற்றுத்தரும் மாலை வகுப்பின் வீட்டுப்பாடத்தைப் பயிற்சிப் பதிவேட்டில் ஏற்றுவதற்குப் பதிலாக, அலுவலகத்தின் உண்மையான பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். இரண்டு திரைகளும் பச்சை நிறம். இரண்டிலும் 'சமர்ப்பி' என்ற பொத்தான் ஒரே மூலையில் இருக்கிறது. மூன்றாவது காரணம் நான்.

பிழையை விவரிப்பதற்கு முன், நான் வேலை பார்க்கும் இடத்தின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தை, அதன் பிறகு இசை உரிமைக் காப்பு மன்றத்தை. இடையில் வந்தவற்றைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஆறு மேசைகளோடும் ஒரு தேநீர் இயந்திரத்தோடும் இருந்துகொண்டு நாங்கள் பாடல்களைத் திருடர்களிடமிருந்து காக்கிறோம்.

காக்கும் முறை எளிது. பாட்டுக் கட்டியவர்கள் எங்களிடம் பதிந்துகொள்வார்கள். அந்தப் பதிவேடு தினமும் 'கண்ணோட்டம்' என்ற காணொளித் தளத்துக்குப் போகும். தளத்தின் கணினி எல்லாக் காணொளிகளையும் உட்கார்ந்து கேட்கும். பதிவேட்டில் இருக்கும் பாட்டை யாராவது அனுமதியில்லாமல் பாடியிருந்தால் அந்தக் காணொளியின் சத்தத்தை நிறுத்திவிடும். மூன்று முறை பிடிபட்டால் கணக்கையே மூடிவிடும். பிறகு, யார் யாருக்கு எவ்வளவு கட்டணம் தர வேண்டும் என்று மன்றமும் தளமும் சண்டை போடும். சண்டை நான்கு ஆண்டுகளாக நடக்கிறது. இரு தரப்பும் அதை 'உரையாடல்' என்கிறார்கள்.

இனி பிழை. 'பதிவாகாத ஒரு பாடலைக் கண்டுபிடித்துப் பட்டியலிடுக' என்பது வீட்டுப்பாடம். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு தேக்கா உணவுக் கடைகளுக்குப் போனேன். துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் நண்பர்களோடு உட்கார்ந்து, மேசையில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

பலகை தூக்கிப் பலகை தூக்கித் தோளு காச்சுப் போச்சு,
பஸ்ஸு பேரு படிச்சுப் படிச்சுப் பாஷை கூட ஆச்சு.

"அண்ணே, இது யார் எழுதின பாட்டு?" என்று கேட்டேன்.

"யாரும் எழுதல மேடம். லாரியில வர்றப்ப நானே கட்டுவேன்" என்றார்.

அனுமதி கேட்டுப் பதிவுசெய்தேன். கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து படிவத்தைத் திறந்தால் 'படைப்பாளர்' என்ற கட்டம் இருந்தது. விதி பதினான்கு: ஆவணச் சான்று இல்லாவிட்டால் 'தெரியவில்லை' என்று குறிக்கவும். தான் கட்டியதாக அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் சொன்னது உண்மையா? என் பிறந்த தேதியையே அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எழுதுகிறவள் நான். 'தெரியவில்லை' என்று எழுதினேன். பிறகு தவறான திரையில் சமர்ப்பித்தேன்.

இன்று வகுப்பில், "சிவானி, உன் பாட்டு வரவே இல்லையே" என்று ஆசிரியர் கேட்டபோதுதான் விளங்கியது. வகுப்பு இடைவேளையிலேயே எங்கள் செயலாளர் சேவியர் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், ஒரு தப்பு பண்ணிட்டேன். ஹோம்வொர்க் பாட்டை நம்ம ரெஜிஸ்டர்ல ஏத்திட்டேன். டெலிட் பண்ண முடியுமா?"

"காப்பாத்துன பாட்டை எப்படிம்மா டெலிட் பண்றது? ஆதர் யாரு?"

"தெரியவில்லைன்னு போட்டிருக்கேன் சார்."

மறுமுனையில் மகிழ்ச்சி. "அட, நம்ம ஆளு லா! அப்ப ஒரு ப்ராப்ளமும் இல்ல. நிம்மதியா படி."

சார் சொன்னது சரிதான். எங்கள் உறுப்பினர்களிலேயே மூத்தவர், உயர்ந்தவர், திரு. தெரியவில்லை. நாற்பத்தோராயிரம் பாடல்கள் அவர் பெயரில் இருக்கின்றன. இருபது மொழிகளில் எழுதியிருக்கிறார். கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்டதில்லை. கட்டணத்தில் தன் பங்கு எங்கே என்று ஒரு முறையும் போன் செய்ததில்லை. ஆகவே அவர் பங்கு மன்றத்தின் 'பொது நல'த்துக்குப் பயன்படுகிறது, புதிய ஏ.சி. அவர் தந்ததுதான். இந்த ஆண்டின் சிறந்த உறுப்பினர் விருது அவருக்கு. கேடயம் வந்துவிட்டது. ஏற்புரையை நான்தான் எழுத வேண்டும்.

மார்ச் 12, புதன்

காலை பத்து மணிக்கு அந்தத் துவாஸ் அண்ணன் படியேறி வந்தார். பெயர் ரத்னவேல். கையில் போன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மேடம், நீங்களா! நல்லதாப் போச்சு. என் பாட்டை யாரோ திருடிட்டாங்க."

"யாருண்ணே?"

"அதான் தெரியல. நான் கண்ணோட்டத்துல சேனல் வச்சிருக்கேன். ஆறு வருசமா பாடிப் போடறேன். 'பலகை தூக்கி' பாட்டை மூணு தடவை பாடியிருக்கேன்; தனியா ஒண்ணு, ரூம்மேட்டுங்களோட ஒண்ணு, மழையில ஒண்ணு. மூணுலயும் சத்தம் போச்சு. வாயி மட்டும் அசையுது, மீன் மாதிரி. நாளைக்கு அஞ்சு மணிக்கு சேனலையே மூடிருவோம்னு மெசேஜ் வந்திருக்கு. புகார் குடுத்தவங்கன்னு உங்க அட்ரஸ் போட்டிருக்கு."

"சேனல்ல எத்தனை வீடியோ இருக்கு?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"பாட்டை வேற எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எங்க எழுதறது? லாரியில கட்டுவேன், டார்ம் ரூம்ல பாடுவேன், போட்டுருவேன். போனு ரெண்டு தடவை மாத்தியாச்சு. பாதிப் பாட்டு எனக்கே மறந்துபோச்சு மேடம். அதைப் போட்டுக் கேட்டாத்தான் வரும்."

நான் அவரைச் சேவியர் சாரிடம் அழைத்துப்போனேன். சார் எழுந்து நின்று கைகொடுத்தார். மன்றத்தில் மரியாதைக்குக் குறைவே கிடையாது.

"மிஸ்டர் ரத்னவேல், நீங்க பண்ணது பெரிய தப்பு. ஆனா நாங்க கோபப்படல."

"நான் என்ன சார் பண்ணேன்?"

"எங்க மெம்பரோட பாட்டை மூணு தடவை பாடியிருக்கீங்க."

"அது என் பாட்டு சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க லா."

"இவங்க கிட்டதானே சார் பாடிக் காட்டினேன்!"

"பாத்தீங்களா? நாலாவது தடவை." சார் அதைக் குறித்துக்கொண்டார்.

தவறு என்னுடையது, படைப்பாளர் கட்டத்தைத் திருத்திவிடலாம் என்று நான் சொன்னேன். சார் பெருமூச்சு விட்டார். திருத்த வேண்டுமானால் இப்போதைய படைப்பாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். விதி பதினைந்து. ஓர் உறுப்பினரின் பாட்டை அவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தால் பிறகு மன்றம் எதற்கு?

"அப்ப அவர்கிட்ட கேளுங்க சார்" என்றார் ரத்னவேல்.

"யாருன்னு தெரிஞ்சா கேக்க மாட்டோமா?"

நாளை மூன்று மணிக்குத் தளத்தின் பிரதிநிதி 'உரையாடலு'க்கு வருகிறார், அப்போது வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அவர் இறங்கிப் போன பிறகு ஏற்புரையின் முதல் வரியை எழுதினேன். 'இந்த விருதுக்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை.' சார் படித்துவிட்டு, பணிவு நன்றாக இருக்கிறது என்றார்.

மார்ச் 13, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

கண்ணோட்டத்தின் பிரதிநிதி அனுப்ரியா மூன்று மணிக்கு வந்தார். சென்னையிலிருந்து வந்து இங்கே மூன்று ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். கறிப்பஃப் தட்டு வைக்கப்பட்டது. ரத்னவேல் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபோர்மேனிடம் கெஞ்சி இரண்டாம் நாளும் விடுப்பு வாங்கியிருந்தார்.

இன்றைய பொருள், மௌனம்.

"சேவியர் சார், சத்தம் நிறுத்தின வீடியோவுக்கு நாங்க ஏன் கட்டணம் தரணும்? அதுல பாட்டே இல்லையே."

"பாட்டு இல்ல, ஓகே. ஆனா அந்த அமைதி எங்க இருக்கு? எங்க பாட்டு இருந்த இடத்துல. அப்ப அது எங்க அமைதி."

"அமைதியை உண்டாக்கினது எங்க இன்ஜினியர்ஸ்."

"எதுல இருந்து உண்டாக்குனாங்க? எங்க பாட்டு இல்லாம உங்களால இந்த மாதிரி அமைதி பண்ண முடியுமா?"

அனுப்ரியா யோசித்தார். "முடியாது" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். பிறகு, மழையில் பாடிய காணொளியின் மௌனம் மற்ற இரண்டைவிடத் தரமானதா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். மூன்று காணொளிகளையும் சத்தமில்லாமல் முழுவதும் போட்டுப் பார்த்தோம். ரத்னவேலும் பார்த்தார்.

"இந்த இடத்துல மேல இழுத்துப் பாடுவேன்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

நாலே காலுக்கு நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேசுவது எனக்கு முதல் தடவை. "இன்னும் முக்கால் மணி நேரத்துல இவர் சேனல் மூடிடும்" என்றேன்.

"அச்சச்சோ" என்றார் அனுப்ரியா. அவர் நல்லவர். "எங்களுக்கு ஒண்ணும் அப்ஜெக்‌ஷன் இல்ல. படைப்பாளர் கையெழுத்துப் போட்டு அனுமதி குடுத்தா உடனே திறந்துடலாம். மன்றம் அவரை அடையாளம் காட்டணும், அவ்வளவுதான்."

சேவியர் சார் கண்ணை மூடினார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் அந்த இமைகளுக்குப் பின்னால் வேலை செய்தது. கண்ணைத் திறந்தபோது வழி பிறந்திருந்தது.

"மிஸ்டர் ரத்னவேல், உங்களை இங்க யாருக்காச்சும் தெரியுமா?"

"இந்த மேடத்துக்குத் தெரியும்."

"ஆபீஸியலா?"

நான் தலைகுனிந்தேன்.

"அப்ப ஈஸி லா. மிஸ்டர் தெரியவில்லை நீங்கதான்னு ஒரு டிக்ளரேஷன் போடுங்க. பாட்டு உங்க பாட்டாயிடும். நீங்களே உங்களுக்கு பர்மிஷன் குடுத்துக்கலாம்."

"அப்ப என் பேர்ல வந்துருமா சார்?"

"உங்க பேர்ல எப்படி வரும்? நீங்கதான் தெரியவில்லை ஆயிட்டீங்களே. ஒரு மெம்பருக்கு ரெண்டு பேரு இருக்கக் கூடாது. மத்த பாட்டு எல்லாமும் அவர் பேருக்கு வந்துரும்."

"அந்த விருது, கேடயம் எல்லாம்?"

"அது பப்ளிக் ஃபங்ஷன். யாருன்னு தெரியாத ஆளை எப்படி மேடை ஏத்துறது?"

ரத்னவேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு நாற்பது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாட்டு எல்லாம் அங்கயே இருக்கும்ல மேடம்?"

"இருக்கும்ணே."

"எங்கயும் எழுதி வைக்கல. குடுங்க."

படிவத்தை நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு, "கையெழுத்து எப்படி சார் போடறது?" என்றார்.

"படிக்க முடியாத மாதிரி போடுங்க."

போட்டார். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்ரியா மடிக்கணினியில் ஏதோ தட்டினார். ரத்னவேலின் போனிலிருந்து பலகைப் பாட்டு கேட்டது. மழைச் சத்தத்தோடு. அவர் காதோடு வைத்துக்கொண்டு, எங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, பேருந்து பிடிக்க இறங்கிப் போனார். துவாஸ் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அவர் போன பிறகு அனுப்ரியா ஒரு சிறு சிக்கலைச் சொன்னார். ஒவ்வொரு காணொளியின் தொடக்கத்திலும் அவர் கேமராவைப் பார்த்து, 'வணக்கம், நான் ரத்னவேல்' என்று சொல்கிறாராம். பதிவேட்டில் இருப்பது வேறு பெயர். இது பார்ப்பவர்களைக் குழப்பும். அந்த மூன்று வினாடிகளை மட்டும் அமைதியாக்கிவிட வேண்டும்.

"அந்த அமைதி யாருக்கு?" என்றார் சேவியர் சார் உடனே.

அறையில் ஒரு பதற்றம். பிறகு அனுப்ரியா சிரித்தார். "பாதிப் பாதி வச்சுக்கலாமா சார்?"

நான்கு ஆண்டுகளில் இரு தரப்பும் எட்டிய முதல் உடன்பாடு இது. கைகுலுக்கினார்கள். கடைசிக் கறிப்பஃபைக் கூடப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று தொடங்கும் பத்திரிகைக் குறிப்பை எழுதி முடிக்க ஏழரை ஆகிவிட்டது. அதனால்தான் வகுப்பு போயிற்று. இப்போது செங்காங் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மன்றத்தின் பெருமையை நான் சரியாகச் சொன்னேனா என்று சந்தேகமாக இருப்பதால் இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். நாங்கள் இல்லாவிட்டால் யாரோ ஒரு திருடன் ரத்னவேலின் பாட்டை எடுத்துத் தன் பெயரைப் போட்டிருப்பான். நாங்கள் யார் பெயரையும் போடவில்லை. எடுக்க மட்டுமே செய்தோம். எடுத்துக் கொடுத்தவள் நான்.

நாளை காலை ஒன்பது மணி: இருநூற்றுப் பன்னிரண்டு காணொளிகளிலும் அவர் தன் பெயரைச் சொல்லும் இடத்தை நீக்க வேண்டும். பழையதிலிருந்து தொடங்கலாம்.