ஒரு வீசைப் பூண்டு

எந்தப் புத்தகமும் தான் எந்த ஊரில் படிக்கப்படப் போகிறது என்று தெரிந்துகொண்டு எழுதப்படுவதில்லை. இந்த உண்மை எனக்குப் புரிந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். (காலம் சொல்லாமல் நான் எதையும் ஆரம்பிப்பதில்லை. பாலில் தண்ணீர் கலக்கிறது என்றால்கூட எந்த மாதத்திலிருந்து என்று சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.) அணாவும் நயா பைசாவும் சேர்ந்து புழங்கி, கடைக்குக் கடை சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மாசி மாதக் கடைசி. காரடையான் நோன்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி அது சனிக்கிழமை என்கிறாள். சனிக்கிழமை எனக்கு அரை நாள் ஆபீஸ் உண்டு. ஆகவே ஞாயிறுதான்.

அப்போது நான் திருச்சியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். சாயங்காலம் வாசகசாலையில் உட்கார்ந்தால் அவர்கள் விளக்கை அணைக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன். செல்லரித்த புத்தகமானால் செல் மிச்சம் வைத்த பக்கங்களைப் படிப்பேன். இதனால் எனக்கு எல்லா விஷயத்திலும் கொஞ்சம் தெரியும் என்ற எண்ணம் இருந்தது. கொஞ்சம்தான் தெரியும் என்பது தெரியவில்லை.

அந்தத் தை மாதம் துறையூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தோம். பெண்ணின் அப்பா வக்கீல் குமாஸ்தா. பேச்சுவாக்கில் அவர், "இந்தக் கிணறு தாது வருஷம் வெட்டினது" என்றார். உடனே உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "ஈஸ்வர வருஷம்ப்பா" என்று திருத்தியது. பெண்ணை நான் அதுவரை சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் அதற்குமேல் இல்லை. பண்ணிக்கொண்டால் இந்த வைதேகியைத்தான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

பாக்கி இருந்தது ஒன்றுதான். பெண்ணின் அப்பா எங்கள் அகத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். பிள்ளையின் சம்பளத்தை யாரிடமும் விசாரித்துக்கொள்ளலாம். அகத்தின் ஆசாரத்தை நேரில் வந்துதான் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. வருகிற நாளும் அந்த ஞாயிற்றுக்கிழமை என்று குறித்தாகிவிட்டது.

இந்தச் சமயம் பார்த்துத் தேனீக்கள் வந்தன. வாசல் நிலைக்கு நேர் மேலே, தாழ்வாரத்து உத்தரத்தில், வடைத் தட்டு அளவுக்கு ஒரு கூடு. ஜாதகம் கொண்டுவந்து கொடுத்த சித்தப்பா ஒருநாள் அதன் அடியில் நின்று, "இதென்னது புதுசா இருக்கு?" என்று நிமிர்ந்து பார்த்தார். மூக்கில் ஒன்று கொட்டியது. மூக்கு வீங்கி முகத்தில் வேறு எதற்கும் இடமில்லாமல் போய்விட்டது.

"சம்பந்தியை இப்படிக் கொட்டித்துன்னா சம்பந்தமே வேண்டாம்னு போயிடுவார்" என்றாள் அம்மா.

"நெருப்பு வெச்சுடலாமே" என்றேன்.

"கல்யாணப் பேச்சு நடக்கற ஆத்துல வாசல்ல நெருப்பு வெப்பாளாடா? தானா வந்த ஜீவன். தானாத்தான் போகணும். ஒண்ணுகூடச் சாகப்படாது."

கொல்லக்கூடாது, கொளுத்தக்கூடாது, ஆனால் போகவேண்டும். இந்த மாதிரி நிபந்தனைக்கு வாசகசாலைதான் கதி. வீட்டுக் குறிப்புகள் அடங்கிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் என் கேள்விக்கு ஒரு பக்கமே இருந்தது. தேனீக்களுக்குச் சில வாசனைகள் ஆகாதாம். எலுமிச்சைத் தோல், பெப்பர்மிண்ட், காடி, பூண்டு.

வரிசைப்படியே போனேன். எலுமிச்சைத் தோலை நூலில் கோத்துக் கூட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். தேனீக்கள் அதைத் தோரணமாக ஏற்றுக்கொண்டன. அடுத்தது பெப்பர்மிண்ட். அதன் எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. ஆனால் முனைக் கடையில் பெப்பர்மிண்ட் மிட்டாய் பாட்டில் நிறைய இருந்தது. வாங்கிவந்து வெந்நீரில் கரைத்து உத்தரம் முழுவதும் தெளித்தேன். (சர்க்கரைத் தண்ணீரைத் தேனீக்கள் மேல் தெளிக்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் இண்டரில் ரசாயனம் படித்தவன்.) மறுநாள் காலை அக்கம்பக்கத்துத் தேனீக்களும் வந்திருந்தன. சுவரில் எறும்பு வரிசை தெருக்கோடி வரை நீண்டிருந்தது. காடிக்குப் பதிலாகப் புளித்த மோரை எடுக்கப் போனபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது தேனீக்கு இல்லை. எனக்கு" என்றார்.

மிச்சம் பூண்டு.

எங்கள் அகத்தில் சின்ன வெங்காயம்கூடப் படியேறியதில்லை. பூண்டை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அது எப்படி நாறும், எத்தனை நேரம் நாறும், எதைப் போட்டால் போகும் என்ற ஞானம் எதுவும் எனக்குக் கிடையாது. புத்தகத்தில் போட்டிருக்கிறது, போதும். சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் மலைக்கோட்டைப் பக்கம் போய், நமக்குத் தெரிந்தவர்கள் நுழையாத சந்தாகப் பார்த்து நுழைந்தேன். பலசரக்குக் கடையில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி வேணும்?"

நான் குனிந்து மெதுவாக, "பூண்டு இருக்கா?" என்றேன். கள்ளச் சாராயம் கேட்பவன்கூட இன்னும் கொஞ்சம் தைரியமாகக் கேட்டிருப்பான்.

அவர் என் நெற்றியில் இருந்த நாமத்தைப் பார்த்தார். "இருக்கு. எவ்வளவு?"

"ஒரு வீசை."

"வீசையா? எத்தனை பேருங்க வீட்ல?"

"ஒரு சிநேகிதருக்கு."

"சிநேகிதரு வீட்ல கல்யாணமா?"

"கல்யாணத்துக்காகத்தான்" என்றேன். அது உண்மை. "அரைச்சுத் தண்ணியாக் குடுக்க முடியுமா?"

பாய் தராசைக் கீழே வைத்தார். "இருவது வருஷமா யாவாரம் பாக்குறேன் தம்பி. பூண்டைத் தண்ணியாக் கேட்டு வந்தவரு நீங்கதான்" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். உள்ளே அனுப்பி அரைத்து, பெரிய தைல பாட்டில் ஒன்றில் ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி அடைத்துக் கொடுத்தார். "சிநேகிதருக்கு ஆண்டவன் நல்ல சுகம் குடுக்கட்டும்" என்று வாழ்த்தவும் செய்தார்.

பஸ் காவேரிப் பாலம் ஏறும்போது காகிதம் ஊறிவிட்டது. முன் வரிசையில் ஒருவர் திரும்பினார். பிறகு இருவர். அத்தனை பேரும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். நான் சட்டென்று கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "காலம் கெட்டுப்போச்சு" என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னேன். பாட்டில் என் மடியில் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அப்பாவும் அம்மாவும் காவேரிக்குத் தீர்த்தமாடப் போனார்கள். நான், ராத்திரி கொல்லைக்கோடி எருக்குழியில் புதைத்துவைத்திருந்த பாட்டிலை எடுத்துவந்து, ஒட்டடைக் கம்பில் பழந்துணியைச் சுற்றி, அதில் நனைத்து, உத்தரம், நிலை, சுவர் எல்லாம் பூசினேன். புத்தகம் பொய் சொல்லவில்லை. தேனீக்கள் ஒருமுறை இரைந்தன, மொத்தமாக எழும்பின, எதிர்வீட்டுத் தென்னை மரத்தைத் தாண்டி மறைந்தன. வெறும் அடைதான் மிஞ்சியது. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. அடையை எடுத்துத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். அது ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்தேன். தேனீ இருந்ததற்கு இனி அடையாளமே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அம்மா ஈரப் புடவையும் குடமுமாக வாசலுக்கு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ரங்கு. என்னடா இது?"

"பூண்டும்மா. தேனீ போயிடுத்து."

அப்பா நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தார். "அந்தப் புஸ்தகம் எழுதினவன் ஸ்ரீரங்கம் வந்திருக்க மாட்டான்" என்றார்.

அம்மா சாணி கரைத்துத் தெளித்தாள், மஞ்சள் நீர் தெளித்தாள், சாம்பிராணி போட்டாள். பூண்டு அத்தனையையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. முன்பு வெறும் பூண்டாக இருந்தது இப்போது விசேஷப் பூண்டாக ஆயிற்று. போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வாசலைக் கூர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு குதிரை வண்டி வந்து நின்று, துறையூர் மாமா இறங்கினார்.

படியில் ஒரு கால் வைத்தார். அதை எடுத்துவிட்டார். அப்பாவைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "ஆத்துல தளிகை யார் பண்றா?" என்றார்.

"ஆத்துக்காரிதான்" என்றார் அப்பா.

"அப்போ இந்த வாசனை?"

நான் முன்னால் வந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். தேனீ, நிபந்தனை, புத்தகம், பாய். அவர் குடையை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"சரி. தேனீ எங்கே?"

"போயிடுத்து மாமா."

"கூடு?"

"எடுத்துப் போட்டுட்டேன்."

"கூடு இருந்த இடம்?"

"சுண்ணாம்பு அடிச்சுட்டேன்."

"சாட்சி யாரானும்?"

"சித்தப்பாவைக் கொட்டித்து. மூக்கு இத்தனை பெரிசா இருந்தது."

"இப்போ எப்படி இருக்கு?"

"ஆறிப்போயிடுத்து."

மாமா தலையை ஆட்டினார். "முப்பது வருஷமா கோர்ட்டுல இருக்கேன். இவ்வளவு சுத்தமா சாட்சியத்தை அழிச்ச பிள்ளையாண்டானைப் பார்த்ததில்லை. நான் வரேன்" என்று திரும்பினார்.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கிணறும் ஈஸ்வர வருஷமும் அந்தக் குரலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு வீசைப் பூண்டை வாங்கிவந்து என் கல்யாணத்தின் மேல் நானே ஊற்றிவிட்டேன்.

"சாமி, வண்டிப் பக்கம் வராதீங்க" என்றார் வண்டிக்காரர்.

குதிரையை அவிழ்த்துப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் தள்ளிப்போய் நின்று கையைக் காட்டினார். வண்டியின் கூண்டுக்குள்ளே, மாமா உட்கார்ந்து வந்த இடத்துக்கு நேர் மேலே, எங்கள் தேனீக்கள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எங்களுடையவைதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எனக்கு அவை ஒவ்வொன்றும் தெரிந்த முகமாக இருந்தது.

மாமா குனிந்து எட்டிப் பார்த்தார். பிறகு மெல்ல, "சாட்சி ஆஜர்" என்றார்.

வேறு வழியும் இல்லை. வண்டியில் ஏற முடியாது. கை காலை அலம்பிக்கொண்டு உள்ளே வந்தார். அம்மாவின் சாத்தமுதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெருமாள் அறையைப் பார்த்தார், தளிகை அறையைப் பார்த்தார், திருப்திப்பட்டார். ஆனால் சாப்பிட்டு எழுந்தபோதும் சாட்சிகள் கூண்டிலேயே இருந்தன. டோல்கேட்டில் துறையூர் பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா இரண்டுமுறை வாசலுக்குப் போய்வந்தார். மூன்றாம் முறை என்னைத் தனியாக அழைத்தார்.

"அந்த பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

இருந்தது. ஒரு வீசை என்பது லேசில் தீருகிற அளவு இல்லை. நான் கம்பை நீட்டினேன்; கம்பு நீளம், கூண்டுக்குள் திரும்பவில்லை. "நீ தள்ளிக்கோ" என்று துணியை அவரே அவிழ்த்து எடுத்துக்கொண்டார். தலைமுறை தலைமுறையாகப் பூண்டு பார்க்காத அந்த மனிதர், நட்டநடு உத்தர வீதியில், கூண்டின் வாயில் பூண்டுத் துணியைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு நின்றார். துணி சொட்டியது. குடுமியில் சொட்டியது, அங்கவஸ்திரத்தில் சொட்டியது. தேனீக்கள் எழும்பிக் கோபுரத்துப் பக்கம் போய்விட்டன. மாமா வெற்றியோடு வண்டி ஏறினார். துறையூர் பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் மண்ணச்சநல்லூர் தாண்டியும் காலியாகவே இருந்ததாம்.

அடுத்த வாரம் சித்தப்பா ஓடிவந்தார். "உன்னை உடனே துறையூர் அழைச்சுண்டு வரச் சொல்லியிருக்கார்டா. மாமி அவரை நம்பலை."

போனோம். மாமா முற்றத்தில் குற்றவாளிபோல் உட்கார்ந்திருந்தார். மாமி நின்றுகொண்டிருந்தாள்.

"தேனீயை விரட்டினாராம். நானும் கேக்கறேன், எங்கே தேனீ?" என்றாள் என்னிடம்.

"போயிடுத்து மாமி" என்றேன். அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை சொன்னாலும் ஒரே மாதிரி பொய்யாகத்தான் ஒலிக்கிறது. மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அன்றைக்கு என்னைக் கேட்ட கேள்வி ஒவ்வொன்றையும் அவர் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "அம்மா, பூண்டு சாப்பிட்டா வாயில வாசனை வரும். அப்பாவுக்குக் குடுமியிலன்னா வந்தது?"

மாமி யோசித்தாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு வாதத்தில் மாமா விடுதலையானார், அவரோடு நானும். வைகாசியில் கல்யாணம் நடந்தது. என் மாமனார் கடைசிவரை என்னிடம் தனிப் பிரியமாக இருந்தார். ஒரே வழக்கில் சிக்கியவர்களுக்குள் அப்படி ஒரு நேசம் உண்டாகும்போல.

இப்போது எங்கள் வீட்டில் யார் எந்தக் காரணம் சொன்னாலும் பதில் ஒன்றுதான். பஸ் தாமதம் என்று நான் சொன்னால் வைதேகி, "தேனீ எங்கே?" என்பாள். வாத்தியார் வரவில்லை, அதனால் வீட்டுப்பாடம் இல்லை என்று பெண் சொன்னால் அவள் தம்பியே, "தேனீ எங்கே?" என்று கேட்டுவிடுகிறான்.

போன மாதம் மாடி ஜன்னலில் மறுபடியும் ஒரு கூடு வந்திருக்கிறது. (பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் முதலில் பார்த்தேன்.) வாசகசாலைக்குப் போய் வேறு வாசனை ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் எனச் சட்டையை மாட்டிக்கொண்டேன். வைதேகி நிமிராமல் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஒண்ணும் பண்ண வேண்டாம். இருக்கட்டும். உங்களுக்கு எப்ப சாட்சி வேண்டியிருக்கும்னு யார் கண்டா?"