பேனலுக்கு அடியில் வெள்ளை

"பின்பக்கமும் கரண்ட் குடுக்கும்னீங்களே மாப்பிள்ளை, காணோமே?"

மாமனார் கேட்டது நியாயமான கேள்விதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலை சிரித்ததுதான் இளைய மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. இருபக்கமும் வெயில் வாங்கும் சோலார் பேனலை, சாய்வு மாறாத சட்டத்தில், மாமனார் வீட்டு மொட்டைமாடியில் நிறுத்தச் சொன்னவர் அவர். இத்தனை மின்சாரம் வரும் என்று பைத்தானில் நிரல் எழுதி வரைபடம் காட்டியவரும் அவரே.

"தரை கறுத்துக் கெடக்கு மாமா. வெளிச்சம் தரையில பட்டுத் திரும்பினாத்தானே பேனலோட முதுகுக்குப் போகும்? வெள்ளை அடிச்சா சரியாயிடும்."

மாமனாருக்கு மூட்டுவலி. மாப்பிள்ளைக்கு மாடி ஏணியைப் பார்த்தாலே தலைசுற்றல். சகலைக்கு நாக்கு மட்டும்தான் எங்கும் ஏறும். எனவே மாப்பிள்ளை பெயின்டருக்குப் போன் போட்டார்.

"மாடியில பேனலுக்கு அடியில நல்லா வெள்ளை அடிச்சிடுங்க."

"அடியிலயா சார்?"

"அடியிலதான். சொன்னதைச் செய்யுங்க, போதும்."

போனை வைத்த மாப்பிள்ளை, நிரலில் தரை திருப்பி அனுப்பும் வெளிச்சத்தைக் கூட்டினார். திரையில் கோடு ஜிவ்வென்று ஏறியது. பெயின்ட் காய்ந்ததும், பேனல் தரும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் இறங்கியது.

"வெள்ளை அடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சமாவது வந்துச்சு" என்றார் மாமனார்.

"ஒரு கோட் பத்தலை மாமா."

இன்னொரு கோட் அடித்தார்கள். மீட்டர் இன்னும் இறங்கியது. மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிரலை வரிவரியாகப் படித்தார். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. தப்பில்லாதவனுக்குத்தானே கோபம் அதிகம். பேனல் விற்றவனைத் திட்டினார், மீட்டரைத் திட்டினார், வானத்தில் இல்லாத மேகத்தையும் திட்டினார். மூன்றாவது கோட்டும் அடிக்கச் சொன்னார்.

"அடுத்து சூரியனுக்கும் ஒரு கோட் அடிச்சிடலாமா?" என்றார் சகலை. "ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் கழட்டிடலாம் மாமா. நானே ஆள் கூட்டிட்டு வரேன்."

மாமனார் மெல்லத் தலையாட்டினார். இனி இந்த வீட்டில் தன் பேச்சு செல்லாக்காசு என்று மாப்பிள்ளைக்குப் புரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கூலி வாங்க வந்து நின்றார் பெயின்டர். மாப்பிள்ளை அவர்மேல் பாய்ந்தார்.

"மூணு கோட் அடிச்சும் ஒண்ணும் எடுபடலை. என்ன வேலைங்க இது? அரைகுறையா அடிச்சுட்டுக் காசு கேக்க வந்துட்டீங்களா?"

பெயின்டருக்கும் ரோஷம் வந்தது.

"வேலையைக் குறை சொல்லாதீங்க சார். மல்லாக்கப் படுத்துக்கிட்டு, மூஞ்சியில ஒழுக ஒழுக அடிச்சிருக்கேன். தரையில ஒரு சொட்டு வெள்ளை இருந்தாக் காட்டுங்க, கூலியே வேணாம்."